வீட்டுக்குத் தெரியக் கூடாது

உலகத்திலேயே தன்னந்தனியாகப் புருஷன் பெண்டாட்டியாகக் குடித்தனம் நடத்தியவர் எங்கள் நல்லூர் சாவி அக்கா ஒருவர்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரும் நானும்தான். நாங்கள் இத்தாலியில் இருந்தபோது நல்லூர் வீட்டிலும் நாங்கள் இருந்தோம். சொல்லப்போனால் அங்கே இருந்தவர்கள் எங்களைவிட நன்றாகவே இருந்தார்கள்.

சாவி அக்காவின் நிஜப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர், அதாவது தைத்து வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை, அழுக்கு, நூல் பிசிறு கண்டுபிடிப்பவர். கண் மங்கியதும் அதை விட்டுவிட்டு, வெளிநாடு போகிறவர்களின் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். தெருவின் பாதிச் சாவி அவர் இடுப்பில் தொங்கும். அவர் நடந்து வந்தால் அந்தச் சத்தத்தில் மாடு வருகிறதென்று நினைத்து நாய்கள் எழுந்து வழிவிடும்.

என் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனி ஒன்றில் மெஷின் பொறுப்பில் இருக்கிறார். புது மெஷின் வாங்கிய இடத்திலேயே ஒரு வருஷம் இருந்து கற்றுக்கொண்டு வரும்படி எங்கள் இருவரையும் இத்தாலிக்கு அனுப்பினார்கள். நான் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கக் கிளம்பினேன். சாவி அக்கா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

“பூட்டாதியம்மா. பூட்டுனா வீட்டுக்குத் தெரிஞ்சிரும்.”

“என்னங்க்கா தெரியும்?”

“ஆளு இல்லன்னு. ஒரு மட்டம் தெரிஞ்சிட்டுன்னா பெறவு நீங்களே வந்தாலும் சேத்துக்கிடாது. அடுத்த தெருவுல துபாய் போனாங்கள்லா, பூட்டிட்டுத்தாம் போனாங்க. திரும்பி வந்து ஒரு வாரம் படுக்க முடிஞ்சுதா? இப்ப அது துணிக் குடோன்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடோனைத் தாண்டும்போது நானும் நடையைக் கூட்டுகிற ஆள்தான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அக்கா ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார். எங்களைச் செக்கிங் பண்ணினார். இவர் மோட்டார் போடுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவதை, ஒரு செருப்பை மட்டும் கவிழ்த்துப்போட்டு வருவதை, நான் குக்கர் மூடியை வைக்காமல் எறிவதை எல்லாம் பார்த்துக்கொண்டார். “நீங்க அடுப்புகிட்ட பேசுதிய, தெரியுமா?” என்றார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று கடுப்பாகச் சொன்னேன். மறுநாள் காலை பால் பொங்கும்போது பார்த்தால், “உனக்கு என்னதான் வேணும், சொல்லித் தொலை” என்று பர்னரிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அவர் கழுத்தில் சிலுவை தொங்கும். அதனால் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: “ஏனுங்க்கா, எங்க முருகனுக்கு நீங்க வெளக்குப் போடுவீங்களா?”

“நாம் போடல. நீங்கதாம் போடுதிய,” என்றார்.

இத்தாலியில் எங்கள் ஊர் வடக்கே, மலையடிவாரத்தில் இருந்தது. கம்பெனி கொடுத்த வீடு மூன்றாவது மாடி. குளியலறையில் கக்கூசுக்குப் பக்கத்தில் இன்னொரு பீங்கான் தொட்டி. அது பின்புறம் கழுவிக்கொள்ள என்று தெரியாமல் இவர் அதில் கால் கழுவிக்கொண்டிருந்தார், நான் கீரை கழுவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குப்பையைச் சரியாகப் பிரித்துப் போடத் தெரியாததால் கீழ்வீட்டுக் கிழவி எங்கள் பையைத் திரும்ப எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். மத்தியானமானால் கடை, ஜன்னல், ஊர் எல்லாம் அடைத்துக்கொள்ளும். நல்லூர் வீட்டுக்குப் பின்னால் நிட்டிங் மெஷின் ஓயாமல் ஓடும். அதிலேயே கிடந்த காதுக்கு இந்த அமைதி பயமாக இருந்தது. குழாய் சொட்டினால்கூட யாரோ நடக்கிற மாதிரி இருக்கும்.

அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளைதான் நல்லூரில் விளக்கு வைக்கிற நேரம். இவர் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் போன் போட்டேன். சாவி அக்கா எடுத்துக் கிசுகிசுத்தார்: “பேசாதிய. போன்ல உங்க குரல் வந்தா வீடு கண்டுபிடிச்சிரும். சும்மா கேளுங்க.” போனை அலமாரியில் வைத்துவிட்டார்.

கேட்டோம். பின்னால் மெஷின் ஓட்டம். குக்கர் மூடி விழுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல்: “ஏனுங், காப்பி ஆறுதுங். குடிச்சுட்டுப் போயி மோட்டாரப் போடுங்க.”

அது நான். தூத்துக்குடி வாடை துளிகூட இல்லாத, கோபத்தில் கொஞ்சம் கீச்சிடுகிற அசல் நான். உடனே உள்ளறையிலிருந்து ஓர் ஆண் தொண்டையைச் செருமினார். “வர்றேன் புள்ள, கத்தாத.”

என் எதிரில் ரொட்டியை மென்றுகொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. “நான் இப்பப் பேசினனா?” என்றார்.

“இல்லீங்க.”

“அப்ப அது யாரு?”

பக்கத்து வீட்டு ஈஸ்வரி அடிக்கடி போனில் செய்தி சொல்வாள். கரன்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரரிடம் வாக்குவாதம் பண்ணிவிட்டுப் போனாராம். பால்காரரை நான் திட்டினேனாம். இதெல்லாம் சரி. ஒருநாள் அவள் குரலே மாறிக் கிடந்தது. “ஏனுங்க்கா, நெசமாலுமே நீங்க இத்தாலியிலதான் இருக்கீங்களா? நேத்துக் கறிவேப்பிலை கேட்டனுங்க. ஜன்னல்ல கைய நீட்டிக் குடுத்தீங்களே.”

“அது சாவி அக்கா கைங்க.”

“வளையலு உங்க வளையலுங்க்கா. அந்தப் பச்சைக்கல்லு வெச்சது.”

அந்தப் பச்சைக்கல் வளையல் இத்தாலியில் என் கையில் கிடந்தது. கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டேன்.

அதைவிட மோசம், இன்னொரு நாள் போனில் அவர்கள் சிரித்தார்கள். நானும் இவரும் சேர்ந்து, ஒரே நேரத்தில். ஒரு வாயில் இரண்டு சிரிப்பு எப்படி வரும்? இவர் மெஷின்காரர், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். “எக்கோ அடிக்குது” என்றார். சொல்லிவிட்டு அவரே அவசரமாக போனை அணைத்தார். எனக்கு வேறொன்று உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

சண்டையெல்லாம் இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை. அவர் மெஷினோடு போனார், நான் ஜன்னலோடு இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வற்றியது. தாங்காமல் ஒருநாள், “எனக்கு மட்டும் டிக்கெட் போடுங்க, நான் ஊருக்குப் போறனுங்க” என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். “சரி” என்றார். அந்தச் சரியோடு விமானம் ஏறினால் பிறகு நாங்கள் ஒரு வீட்டில் சேர்ந்து இருப்போமா என்றே எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நான் ஊருக்குப் போன் போடுவதையும் விட்டுவிட்டேன்.

ஈஸ்வரி கூப்பிட்டாள். “ஏனுங்க்கா, உங்கூட்டுல கொஞ்ச நாளாச் சத்தமே இல்லீங்க. வெளக்கு மட்டும் எரியுது. உங்களுக்குள்ள ஏதாச்சுமுங்களா?”

நாங்கள் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை. உடனே சாவி அக்காவைக் கூப்பிட்டேன். இவர் எதிரில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலுக்கு வெளியே வந்து நின்று பேசினார். முதல்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது.

“வாயத் தொறந்தா வரமாட்டேங்கும்மா. ரெண்டு பேருமே வரல. வீடு வேற சந்தேகப்படுது. நேத்து வாசக்கதவு தொறக்கவே இல்ல, பின்னால சுத்தித்தாம் போனேன். அங்க என்ன பண்ணுதிய ரெண்டு பேரும்?”

“நான் மட்டும் கெளம்பி வந்தர்றனுங்க்கா.”

“ஒத்தையா வந்து நின்னா, அவுகள எங்கன்னு வீடு கேக்கும்லா? நாஞ் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிக்கிடுங்க.” வைத்துவிட்டார்.

போன் சத்தமாகத்தான் வைத்திருந்தேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ரசத்தைக் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தவர் கடைசியில் தொண்டையைச் செருமினார்.

“ரசத்துல உப்பு இல்ல.”

“உப்பெல்லாம் இருக்குது. உங்களுக்கு நாக்குத்தான் இல்ல.”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ரசத்தில் ஆரம்பித்து அந்தப் பீங்கான் தொட்டி, குப்பை, குளிர், அவர் தங்கச்சி கல்யாணத்தில் எனக்கு எடுத்த புடவை வரைக்கும் போனது. கீழ்வீட்டுக் கிழவி துடைப்பத்தால் கூரையை இடித்தார். இவர் சட்டென்று நிறுத்தி, “நீ போயிட்டீன்னா இந்த ஊட்டுல நான் யாரு கூடப் புள்ள பேசறது? கொழாய் கூடவா?” என்றார். கண் கலங்கியிருந்தது.

“அத அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்க?”

“வேண்டாம்னா கோவிச்சுக்குவியோன்னு பயந்துட்டேன்.”

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வந்தது என்று ஞாபகமில்லை. நல்லூருக்கு நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் ஈஸ்வரியே கூப்பிட்டாள். “ரசத்துக்குப் போயி அந்தச் சண்டைங்களா நேத்து? கதவத் தட்டலாமான்னு பாத்தனுங்க. அப்பறம் ரெண்டு பேரும் சிரிச்சீங்க, எனக்குப் போன உசுரு வந்துது.” டிக்கெட்டை ரத்து செய்தோம். மிச்சக் காலம் முழுக்கச் சாப்பாட்டு வேளையில் வாய் ஓயாமல் பேசினோம். பேச விஷயம் இல்லாவிட்டால் வேண்டுமென்றே ரசத்தில் உப்பைக் குறைத்தேன்.

திரும்பி வந்த அன்றைக்கு அக்காவின் உத்தரவு கடுமையாக இருந்தது. பின்வாசல் வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் வர வேண்டும். பூனை மாதிரி நுழைந்தோம். சமையலறையில் சாவி அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்று என் குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஏனுங், வெளக்கு வெச்சாச்சு, வந்து...” திரும்பி எனக்குக் கையைக் காட்டினார்.

“...காப்பியக் குடிங்க” என்று முடித்தேன்.

அக்கா பாதி செருமினார், மீதியை என் வீட்டுக்காரர் செருமினார். அக்கா கூடைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலைத் தாண்டிவிட்டார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். உதட்டில் விரலை வைத்து அடக்கிவிட்டுப் போயே போய்விட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் இனிப்பு வாங்கிக்கொண்டு தேடிப் போனால், அதற்குள் போர்ச்சுகல் போன ஒரு தம்பதியின் வீட்டில் குடியேறியிருந்தார். யாரோ ஒருத்தியின் நைட்டியில் கதவைத் திறந்து, யாரோ ஒருத்தியின் மிடுக்கான குரலில், “யாரு வேணும்?” என்றார். பிறகு தெருமுனைக்கு இழுத்துவந்து, தன் குரலுக்கு மாறி, “சாப்ட்டியளாம்மா?” என்றார்.

“ஏனுங்க்கா, நீங்க எந்நேரமும் அடுத்தவங்க ஊட்டுலயே இருக்கீங்க. உங்க ஊட்டுல யாருங்க வெளக்குப் போடறது?”

அவருக்கு இருந்தது வரிசை வீட்டில் ஒற்றை அறை. “அந்த ரூமுக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சும்மா,” என்று சிரித்தார். “அங்க போயிப் படுத்தாத் தூக்கம் வரமாட்டேங்கு.”

எங்கள் இருவரையும் அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த பொம்பளைக்குப் படுத்துத் தூங்க ஓர் அறை இல்லையா என்று எனக்குக் கோபமாக வந்தது. சாவியைக் கொடுங்கள் என்று சண்டை போட்டேன். அத்தனை கொத்திலும் தன் சாவி எதுவென்று அவருக்கே தெரியவில்லை. கொத்தை வாங்கிப்போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன்.

அதிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே போய் லைட்டைப் போட்டு உட்காருவேன். அக்காவுக்குப் பஞ்சுத் தூசியில் வந்த வறட்டு இருமல் உண்டு, முடிவில் ‘ஏசுவே’ என்று ஒரு பெருமூச்சு விடுவார். அதை இருமிக் காட்டுவேன். “மழ வருது, துணிய எடுக்கணும்லா” என்று அவர் பேச்சில் பேசுவேன். கேவலமாகத்தான் வரும். வரிசை வீட்டுக்காரர்கள் எனக்குக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

போன வாரம் கதவில் சாவியை நுழைக்கும்போது உள்ளேயிருந்து அந்த இருமல் கேட்டது. முடிவில் ‘ஏசுவே’யும் கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. கதவைத் திறக்காமல் அந்தப் போர்ச்சுகல் வீட்டுக்கு ஓடினேன். அக்கா அங்கே அடுப்படியில்தான் நின்றிருந்தார். வெளியே இழுத்து வந்தேன்.

“அக்கா, நீங்க உங்க ஊட்டுல இருக்கீங்க.”

அவர் மெதுவாக, “இருக்கேனா?” என்று கேட்டார்.

“இருக்கீங்கக்கா. இருமிக்கிட்டு இருக்கீங்க. நான் போயி ஒரு கசாயம் வெச்சுக் குடுத்துட்டு வந்தர்றேன்.”