வடக்குப் பார்த்த தொலைநோக்கியும் ஒரு கறுப்புக் குடையும்

ஒருவனுக்கு முனைவர் பட்டம் கொடுக்கும்போது, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அறிவை அவனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

நான் காமா கதிர்த் தொலைநோக்கி கட்டுகிறவன். மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே, ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்டு, பிறகு செம்பனையையும் கைவிட்ட ஒரு பழைய தோட்டத்து மேட்டில் அது நிற்கிறது. வெடித்துப்போன நட்சத்திரங்களிலிருந்து வரும் காமா கதிர் தரைக்கு வந்து சேராது. மேலேயே காற்றில் மோதிச் சிதறிவிடும். சிதறும்போது ஒரு நீல வெளிச்சம் மின்னும். கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த மின்னல் சில கோடி தடவை வந்து போகலாம், அவ்வளவு குறுகியது. அதைப் பிடிக்க, அறுகோணக் கண்ணாடிகளை ஒரு பெரிய குழிந்த தட்டாக அடுக்கி, அதற்கு முன்னால் நான்கு இரும்புக் கைகளில் ஒரு கேமராவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஈப்போவில் லோரி பாடி கட்டும் பட்டறையில்தான் அந்தக் கைகளைச் செய்தோம். வெல்டிங் செய்தவர் கடைசிவரை நம்பர் பிளேட் எங்கே வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மழையும் மேகமும் குத்தகைக்கு எடுத்த பேராக் மாநிலத்தில் போய் இதை ஏன் கட்டினாய் என்று கேட்காதீர்கள். மாணவர்கள் பழக ஒரு சின்னது போதும் என்றது பல்கலைக்கழகம். நிலம் சும்மா கிடைத்தது. (பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அவர்கள்தான் எனக்குச் சம்பளம் போடுகிறார்கள்.) என் அம்மா அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். "நான் விடியக்காலையில ஏறுன மேட்டுல நீ பொழுது சாஞ்சதும் ஏறுற. படிச்சு அவ்வளவுதான் முன்னேறியிருக்க" என்பார்.

இப்போது தர்ஷினிக்கு வருகிறேன். ஈப்போவில் மருந்தாளராக இருந்தாள். எனக்கு அவள், அவளுக்கு நான் என்று நாங்கள் முடிவு செய்து வெகுநாளாகியிருந்தது. முடிவு செய்யாதவர் அவள் அப்பா திருச்செல்வம் அங்கிள் ஒருவர்தான். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டியிருப்பார். வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் கொடுத்தது.

நான் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது தேநீர் கொடுத்து உட்காரவைத்து, "தம்பி, உதுக்குள்ள பார்த்தா என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"ஒன்னும் தெரியாது அங்கிள்."

"அப்ப இரவு முழுக்க என்னத்தைப் பார்க்கிறீர்?"

கண்ணுக்குத் தெரியாத கதிர், அது தரைக்கே வராது, அது விட்டுப்போன வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது, அதைக் கணினியில் புள்ளியாகப் போட்டுப் பார்ப்போம் என்று விளக்கினேன். அவர் "ஓமோம்" என்று கேட்டுக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் வருகிற ரயிலைக் கண்ணால் பார்த்துக் கொடி காட்டிய மனிதரிடம், வராத ஒன்றைப் பார்ப்பதுதான் என் வேலை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எழுந்து போகும்போது தர்ஷினியின் முகத்தில் ஈயாடவில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளை என்பது அவருக்கு ஒரு பொருட்டா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாததால் எனக்கு அது இன்னும் சத்தமாகக் கேட்டது. இதற்கிடையில் கோலாலம்பூரிலிருந்து ஒரு பல் மருத்துவர் வீட்டில் பெண் கேட்டுவிட்டார்கள். பல் கண்ணுக்குத் தெரியும். பிடுங்கினால் கையில் வைத்தும் காட்டலாம். அவளை இழந்துவிடுவேன் என்று நிஜமாகவே பயந்தேன். கடைசியில் அங்கிள் ஒரு வாய்தா கொடுத்தார். "வேலையை ஒருக்கா நேரில வந்து பார்க்கிறன். பார்த்துப்போட்டுச் சொல்லுறன்."

அந்த ஜூன் மாதம் தொலைநோக்கியின் திறப்பு விழா. வருவதாகச் சொல்லியிருந்த பெரிய மனிதர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களெல்லாம் எனக்கு விசேஷமாக ஏதாவது நடந்திருக்கிறது.) திருச்செல்வம் அங்கிளையே தலைமை விருந்தாளியாகப் போட்டுவிட்டேன். என்னோடு சேர்ந்து தொலைநோக்கியை வடிவமைத்த சேகரன் தலையைச் சொறிந்தான்.

"மச்சான், இது திறப்பு விழாவா, பொண்ணு பாக்குற விழாவா லா?"

ரெண்டும்தான் என்றேன்.

இனி வடக்கு. நான் பயிற்சி பெற்றது தூர தேசத்து மலை ஒன்றில். அங்கே ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கண்ணாடியை வடக்கே திருப்பி நிறுத்துவோம். இது மாதிரித் தொலைநோக்கிக்குக் கூரை கிடையாது. கண்ணாடிமேல் வெயில் விழுந்தால் அது ஒரே இடத்தில் குவிந்து எதையாவது எரித்துவிடும். அந்த நாட்டில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமாகத்தான் நடக்கும். அதனால் வடக்கே பார்த்தால் பயமில்லை. அந்தப் பழக்கம் எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. ஊருக்கு வந்து முதல் வேலையாக, பகலில் கண்ணாடி வடக்கே பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

நம் ஊரில் வருஷத்தின் நடுவில் சூரியன் வடக்கே வந்துவிடும். இது எனக்குத் தெரியாதா? ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது. ஜூன் மாதத்தில் வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட்டில் உட்கார முடியாது. துண்டை நனைத்துப் போட்டு உட்கார்ந்துதான் நான் வேலைக்கே போவேன். போய், கண்ணாடியை வடக்கே திருப்பி வைப்பேன்.

மைனா எச்சம் படாமலிருக்கப் பகலெல்லாம் கண்ணாடியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். அதனால் அதுவரை ஒன்றும் நடக்கவில்லை. விழாவுக்காகத் தார்ப்பாயை எடுத்தோம். பூசாரி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, வடக்கு குபேர திசை, ரொம்ப விசேஷம் என்றார். விஞ்ஞானமும் பூசாரியும் ஒரே திசையைக் காட்டினால் அதற்குமேல் எவன் சந்தேகப்படுவான்?

அதோடு விட்டேனா? அங்கிளுக்கு ஏதாவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, கண்ணாடியைச் சற்றுத் தாழ்த்தி, அதற்கு முன்னால் ஒற்றை நாற்காலி போட்டேன். அங்கே உட்கார்ந்தால் அவர் முகம் கண்ணாடியில் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். அந்த இடத்தைக் காலையில் நானே உட்கார்ந்து, முன்னே பின்னே நகர்ந்து கண்டுபிடித்தேன். குழிந்த கண்ணாடியில் முகம் அப்படிப் பெரிதாகத் தெரிகிற தூரத்தில்தான் வெயிலும் வந்து குவியும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நான் அதைத் தாண்டி வெகுதூரம் படித்துவிட்டேன்.

காலையில் ஒத்திகை பார்த்தபோது வெயில் கிழக்கே கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. பூசாரிக்கு வேறொரு வீட்டில் பூஜை இழுத்துவிட்டதால் எங்கள் நல்ல நேரம் தானாகவே மதியத்துக்கு நகர்ந்தது. மற்றவர்கள் பந்தலுக்குள் இருந்தார்கள். பந்தல் மறைத்தால் முகம் தெரியாது என்று அங்கிளை மட்டும் மாலை போட்டு வெட்டவெளியில் உட்காரவைத்தேன். அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். அம்மா அன்று முழுவதும் அவரை "சார்" என்றுதான் அழைத்தார். "சார், தண்ணி குடிக்கிறீங்களா", "சார், வெயிலா இருக்குதா". அவரும் மரியாதையாக வேண்டாம், பரவாயில்லை என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு டிக்கெட் கவுண்டர் இருந்தது மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

கற்பூரம் ஏற்றினார்கள். சாம்பிராணி போட்டார்கள். நான் மைக்கைப் பிடித்தேன். இந்த இடத்தை நான் சுருக்கிச் சொல்ல நினைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள், அவர்களுக்கு அது மனப்பாடம். "இந்தத் தொலைநோக்கிக்குப் பகலில் வேலையே கிடையாது. சாதுவான கருவி. யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யாது" என்று அங்கிளைப் பார்த்துச் சொன்னேன். அப்போது அவர் குடையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பூஜை நடக்கிற இடத்தில் புகை வந்தால் யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பந்தலில் ஓரிருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சாம்பிராணி நன்றாக மணக்கிறது என்று நினைத்து, நட்சத்திரம் எப்படி வெடிக்கிறது என்பதை விளக்க ஆரம்பித்தேன். அங்கிள்தான் மெல்லக் கையைத் தூக்கினார். வருகிற ரயிலை நிறுத்துகிறவர் தூக்குகிற மாதிரி, பதறாமல்.

"தம்பி, உங்கட கற்பூரத்தை எனக்கு மேலயோ கொளுத்தினீங்கள்?"

நிமிர்ந்து பார்த்தேன். குடையின் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வெளிச்சம் நின்றது. அதன் விளிம்பில் துணி சுருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஜூன் மாதம், வடக்கு, மோட்டார் சைக்கிள் சீட்டு, எல்லாம். அடப்பாவி என்று என்னையே நான் மைக்கில் திட்டியதாகச் சேகரன் சொல்கிறான்.

ஓடிப்போய் கண்ணாடியை நகர்த்தும் பொத்தானை அழுத்தினேன். நட்சத்திரம் மெதுவாக நகரும், அதனால் தொலைநோக்கியும் அதிராமல், மெதுவாக நகர வேண்டும் என்று இரண்டு மோட்டார்களை நானே தேடித் தேடிப் போட்டிருந்தேன். அவை என் விருப்பப்படியே நடந்துகொண்டன. அவசரத்தில் திசையையும் மாற்றி அழுத்தியிருந்தேன். வெளிச்சம் குடையை விட்டு விலகாமல், உச்சியிலிருந்து விளிம்பு நோக்கி நிதானமாக ஊர்ந்தது. போகிற வழியெல்லாம் புகைந்தது. அடுத்தது அவர் தோள்.

பந்தலிலிருந்து அம்மா வந்தார். நடந்தாரா ஓடினாரா என்று யாருக்கும் நினைவில்லை. வருகிற வழியில் பூசாரியின் முன்னால் இருந்த கும்பத்தை, மாவிலை தேங்காயைத் தட்டிவிட்டுக் கையில் எடுத்தார்.

"சம்பந்தி, அசையாதீங்க" என்றார்.

கும்பத்துத் தண்ணீர் முழுவதும் குடைமேலும் திருச்செல்வம் அங்கிள்மேலும் விழுந்தது. சேகரனும் மாணவர்களும் தார்ப்பாயை இழுத்துக் கண்ணாடிமேல் போட்டார்கள். பூசாரி மட்டும், அது மெஷினுக்குத் தெளிக்க வைத்த தண்ணி லா, என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நெருப்புக்காக அல்ல. அம்மாவின் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தைக்காக. யாரும் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒரு கல்யாணத்தை அம்மா எல்லோருக்கும் முன்னால், தண்ணீரோடு ஊற்றிவிட்டார். கும்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். தர்ஷினி என்னைப் பார்த்தாள். பல் மருத்துவரின் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் மாலையைப் பிழிந்தார். குடையை மடக்கி, மறுபடி விரித்து, எரிந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"தம்பி, உதில ஒண்டும் தெரியாது எண்டல்லோ சொன்னீர். இண்டைக்குத்தான் நான் கண்ணால கண்டன். நல்லா வேலை செய்யுது."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் அம்மா பக்கம் திரும்பிவிட்டார்.

"சம்பந்தியம்மா, துடைக்க ஒரு துண்டு இருக்கோ?"

அம்மாவிடம் துண்டு இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துண்டு என்னிடம்தான் இருந்தது, மோட்டார் சைக்கிள் சீட்டில், நனைத்து விரித்தது. அதை எடுத்து வந்து கொடுத்தேன். வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்து வண்டியை நிறுத்தியிருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு கருணைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது ஏப்ரல் பிறந்தால் கண்ணாடியைத் தெற்கே திருப்பிவிடுகிறோம். அக்டோபரில் மறுபடி வடக்கு. தார்ப்பாயும் உண்டு. கல்யாணத்தன்று நான் மணவறையில் உட்காரப் போனபோது அங்கிள், இப்போது மாமா, எழுந்து வந்து, மாப்பிள்ளை எந்தத் திசையைப் பார்க்கிறார் என்று ஐயரிடம் கேட்டு, வெளியே போய் வெயிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

அந்தக் குடையை அவர் தூக்கிப் போடவில்லை. தைக்கவும் விடவில்லை. வீட்டு வாசலில் நல்ல குடைகள் நிறையத் தொங்குகின்றன. நாங்கள் அம்மாவோடு போயிருக்கும்போது ஈப்போவில் மழை பிடித்துவிட்டால், காரை வாசலுக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு. மாமா எழுந்து போய், தேடி எடுத்து, தன் கையாலேயே விரித்து அந்தக் குடையைத்தான் எனக்குக் கொடுப்பார். ஓட்டை சரியாக என் இடது தோளுக்கு மேல் வரும். நான் திரும்பி வரும்போது அம்மா துண்டோடு வாசலில் நிற்பார். பக்கத்தில் நின்று மாமா, "என்ன சம்பந்தியம்மா, இண்டைக்கு ஏதும் தெரிஞ்சதாமோ?" என்று கேட்பார்.