கண்ணாடி கழற்றும் நிபுணர்

மருத்துவ விஞ்ஞானத்தின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என் தாய்மாமன்தான். அவர் மருத்துவம் படித்தவரில்லை என்பது அற்பமான விஷயம்.

மேடையில் ஏழு ஆண்டு, சினிமாவில் இருபத்தைந்து ஆண்டு, மாமா போட்டது ஒரே வேடம்: டாக்டர். நாடகக் குழுவில் இருந்த ஒரே வெள்ளைக் கோட்டு அவருக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தியதில் தொடங்கிய கலைப் பயணம் அது. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து வருவார். கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையால் துடைப்பார். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்பார். குடும்பமே கதறும். நூற்று எண்பத்தேழு படங்களில் அவரிடம் வந்த ஒரு நோயாளிகூடப் பிழைத்ததில்லை. இத்தனை சீரான 'சாதனை' நிஜ டாக்டர்கள் யாருக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

இதன் அருமையை முதலில் உணர்ந்தது எங்கள் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி. அதன் நிர்வாகக் குழு கூடி, 'துயரச் செய்தி அறிவிப்பில் தரக்குறைவு' என்ற பொருளில் இரண்டரை மணி நேரம் விவாதித்தது.

"நம்ம டாக்டருங்க வந்து சொன்னா ஏன், எப்படின்னு குடைஞ்சு எடுக்கறாங்க சார்," என்றார் மேனேஜர். "இவர் சொன்னா அழுதுட்டு நேரா வீட்டுக்குப் போயிடுவாங்க. முப்பது வருஷமா அப்படித்தான் போயிருக்காங்க."

மாமா 'முதுநிலை வெளிவருகை ஆலோசகர்' ஆனார். தியேட்டருக்குள் நுழைய அவருக்கு அனுமதி கிடையாது. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். தேவைப்படும்போது எழுந்து வெளியே வந்தால் போதும். மூன்றே மாதத்தில் புகார்ப் பெட்டிக்குள் சிலந்தி குடித்தனம் வைத்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். "எங்கண்ணன் இருக்கற ஆஸ்பத்திரிதான்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

காலை பத்து மணி. தியேட்டர் வாசல் பெஞ்சில் அப்பா, சித்தி, நான். அப்பா தன் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமா வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

சித்தி 'அக்கா' என்று அலறித் தரையில் உட்கார்ந்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என்ன ஆச்சு?"

மாமா கைக்குட்டையை எடுத்தார்.

"அதைத் துடைக்காதீங்க மச்சான். வாயைத் திறந்து சொல்லுங்க."

"நல்லா இருக்கா," என்றார் மாமா. குரலில் அப்படியொரு சோகம். சித்தி இன்னும் பலமாக அழுதாள்.

"நிஜமாவே நல்லா இருக்கா மாப்ள. நர்ஸ் இப்பத்தான் வந்து சொன்னா. எனக்குத்தான் இதுக்கு மூஞ்சி வெச்சுப் பழக்கமில்ல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்ட்ரெச்சர் உருண்டு வந்தது. அம்மா அரைக்கண் திறந்து பார்த்தாள். "எதுக்குடி இந்தக் கூப்பாடு? நான் இன்னும் இருக்கேன்."

சித்தி அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மாமாவைக் கட்டிப்பிடித்ததில் வெள்ளைக் கோட்டின் பித்தான் ஒன்று தெறித்தது.

"பெரிய டாக்டர் எங்க மச்சான்? அவர் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்."

"அவர் ஷூட்டிங் போயிருக்காரே."

"என்ன ஷூட்டிங்?"

"நான் இங்க வந்ததும் சினிமாவுல டாக்டர் வேஷம் காலியாச்சில்ல? மூணு மாசமா அதை அவர்தான் பண்றார். இந்தப் பக்கமே வர்றதில்ல. நடிப்பு பிரமாதம்."

"மத்த டாக்டருங்க?"

"கூட நிக்க ஆள் வேணாமா? எல்லாரையும் கூட்டிட்டுத்தான் போறார்."

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்ட்ரெச்சர் போன திசையைப் பார்த்தார். பிறகு தியேட்டர் கதவைப் பார்த்தார்.

"அப்ப இவ வயித்த அறுத்தது யாரு?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார்.

"எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்."