கண்ணை மூடிக் கேட்ட மனு

போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டில் பானுமதியின் தோட்டத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில், நாலா என்று ஊர் சொல்லும் ஓடை ஒன்று ஓடுகிறது. அதன் மேலிருந்த சின்னப் பாலம் முதல் மழையிலேயே போய்ச் சேர்ந்தது. கத்தரிக்காய் இந்தக் கரையில், காய் ஏற்றும் வண்டி அந்தக் கரையில். பாலம் வராவிட்டால் வருஷ உழைப்பு செடியிலேயே அழுகிவிடும். மகள் சௌமியா ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுத்தாள்.

போர்ட் பிளேர் அலுவலகத்தில் மனு நேராக ஒலியொத்த ஆங்கிலச் சொற்கள் கண்காணிப்புப் பிரிவுக்குப் போனது. எப்போதோ ஒரு கடிதத்தில், ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் தவறானது விழுந்து, தில்லியில் யாரோ சிரித்துவிட்டார்களாம். அந்தச் சிரிப்பு இனிக் கேட்கக் கூடாதென்று உயர்மட்ட ஆலோசனைக்குப் பின் உதித்த பிரிவு அது. தலைவர் சந்திரமோகன்.

வேலைமுறை எளிது. ஒருவர் மனுவை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். ஒலியில் வரும் குழப்பத்தைக் காதால்தானே பிடிக்க வேண்டும்!

'வெதர்' என்ற சொல் வந்ததும் சந்திரமோகன் கையை உயர்த்தி, எதிரே நின்ற பானுமதியிடம் கேட்டார்.

“பெஹன்ஜி, இது மழை வெயிலைச் சொல்ற வெதரா, ஆமாவா இல்லையாங்கிற வெதரா?”

“பேப்பரைப் பார்த்தாத் தெரியாதா சார்?”

“பார்க்கறது ரூல்ல இல்லம்மா.”

“பாலம் போயிருச்சு, மழை கொட்டுது. உங்களுக்குப் புரியுதா இல்லையா?”

“நல்லாப் புரியுது. நானே அந்த நாலாவைப் பார்த்துட்டுத்தான் வர்றேன். எனக்குப் புரிஞ்சா ஃபைல் நகருமா? காதுக்கு ரெண்டும் சரியாத்தான் இருக்கு. அதான் சந்தேகமே.”

சந்தேகம் கப்பலேறி மெயின்லாண்ட் நிபுணரைத் தேடிப் போனது. கத்தரிக்காய் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அழுகியது. அதைக் குழி வெட்டிப் புதைத்த அன்று பானுமதிக்குச் சோறு இறங்கவில்லை.

மழை பாதி கழிந்தபின் பதில் வந்தது. பிழை இல்லை! சிப்பிகாட்டிலிருந்து வந்த முதல் பிழையற்ற மனு என்று சந்திரமோகன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். கௌரவமாக மாட்டியதைக் கழற்றிப் பாலம் கட்டும் பிரிவுக்கு அனுப்புவது மரபல்லவே.

பானுமதி சண்டை போடத்தான் போனாள். கண்ணாடிக்குள் மகளின் கையெழுத்தைப் பார்த்ததும் சண்டை மறந்துபோனது. போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸாப் குழுவில் போட்டாள். தங்கள் பிள்ளை எழுதியதும் இப்படிச் சட்டத்தில் தொங்க வேண்டுமென்று ஊரே கிறங்கிப் போனது. சந்திரமோகன் உடனே நாலாவுக்கு அந்தப் பக்கம் பத்துபஸ்தியில் ஆங்கில டியூஷன் ஆரம்பித்தார்.

இப்போது சாயங்காலமானால் சிப்பிகாட்டுத் தாய்மார்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையும் தலையில் ஆங்கிலப் புத்தகமுமாக நாலாவில் இறங்குகிறார்கள்.

ஒருநாள் தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பக்கத்துத் தோட்டத்து ராணி கேட்டாள்: “பானு, எல்லாருமாச் சேர்ந்து பாலத்துக்கு இன்னொரு மனு போடுவோமா?”

“போடலாம்டி,” என்றாள் பானுமதி. “பிள்ளைங்க கோர்ஸ் முடிக்கட்டும்.”