ஈசிஜியில் பேய் பார்த்த சாமி

முடிச்சூரில் இப்போது பேய்க்கு ஏகக் கிராக்கி. புளியமரங்களை எல்லாம் வெட்டி பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. பாவம், அது எங்கே போகும்? மனிதர்களின் நெஞ்சுக்குள் குடியேறிவிட்டதாம். கண்டுபிடித்தவர் படபடப்புச் சாமி. சாமியாவதற்கு முன் ஜெயவேலு என்ற பெயரில், மழை பெய்தால் முழுகும் மனைகளை 'லேக் வியூ' என்று விற்ற புரோக்கர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஷாமியானா, டோக்கன், தள்ளுமுள்ளு. தேங்காய் பழம் வேண்டாம். ஈசிஜி கொண்டுவர வேண்டும். ஆமாம், ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜிதான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித் தட்டில் வைத்து நீட்டினால், சாமி அதைத் தலைகீழாகப் பிடித்து ஜாதகம் போலப் படிப்பார். எழும்பி நிற்கும் கோடெல்லாம் பேயின் கால்தடம். ரிப்போர்ட்டில் கோளாறே இல்லையென்றால் இன்னும் விசேஷம்.

"டாக்டர் கண்ணுக்கே தெர்லன்னா அது இன்னா? பேய்தான!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்தக் கூட்டத்தில் என் அக்கா ஜீவிதாவும் உட்கார்ந்திருந்தாள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவளுக்குக் கிண்டியில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன மாதம் மின்சார ரயிலில் பல்லாவரம் தாண்டும்போது திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வேர்த்தது, கை மரத்தது. செத்துவிடப்போகிறோம் என்று அலறி அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாள். எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதயம் நல்லா இருக்கும்மா. இது பேனிக் அட்டாக், பயத்துல வர்ற படபடப்பு. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. கவுன்சலிங் வாங்க, சரியாகும்."

அக்கா காதில் 'ஒண்ணுமில்லை' என்று மட்டும்தான் விழுந்தது. ஒன்றுமில்லாததற்கா இப்படி உயிர் போகும் என்று சாமியிடம் வந்துவிட்டாள். போன ஞாயிறே சாமி தீர்ப்பு எழுதிவிட்டார்: "தண்டவாளத்துல அடிபட்ட ஆவி. ரயில் ஏறுனா இஸ்துக்கும். வேலைய வுட்ரு." ராஜினாமாவை மொபைலில் அடித்து வைத்திருந்தாள். பேயை ஓட்டிவிட்டுச் சாமி நல்ல நேரம் குறித்துக் கொடுத்தால் அனுப்புவதுதான் பாக்கி.

அவள் முறை வந்தது. பேயை முதலில் வெளியே அழைக்க வேண்டுமாம். உடுக்கை அடிக்க அடிக்க, "ஹூம், ஹூம்" என்று வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அக்காவின் விரல்கள் சுருண்டன. தலை சுற்றியது. "வந்துட்ச்சி பார்!" என்று சாமி குதித்தார். பிறகு திருநீறு பூசி, மெதுவாக மந்திரம் சொல்லி, அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சாக விடச் சொன்னார். விரல் நிமிர்ந்தது. பேய் போயிற்று. கைதட்டல்.

அக்காவுக்குத் துணையாக வந்திருந்த நான் எழுந்தேன். "சாமி, எனக்குப் பேய் இருக்கா?"

"உன்கிட்ட பேய் கூட வராது பாப்பா. படிச்ச திமிரு மட்டும்தான் கீது!"

கூட்டம் சிரித்தது. "எல்லாரும் கேட்டுக்குங்க, எனக்குப் பேய் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, உடுக்கை இல்லாமலே அதே மாதிரி மூச்சு வாங்கினேன். விரல் சுருண்டது. உதடு மரத்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு மந்திரத்துக்குப் பதிலாக, மெதுவாக, மூச்சுக்கு ஒன்றாக, "தாம்பரம்... சானடோரியம்... குரோம்பேட்டை..." என்று ஸ்டேஷன் பெயர்களைச் சொன்னேன். மீனம்பாக்கம் வந்தபோது விரல் நிமிர்ந்துவிட்டது.

ராஜாராமன் சார் விடுவாரா? ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஏப்பம் வந்தாலும் ஈசிஜி எடுத்து லேமினேட் செய்து வைப்பவர். "அக்காவோட பேய் உன்மேல தாவியிருக்கும்மா. சயின்ஸுக்கும் மேல ஒண்ணு இருக்கு."

"கரீட்டா சொன்ன சார்!" என்றார் சாமி.

"அப்ப உங்க மேல தாவாதே?" என்று சாமியைக் கேட்டேன்.

"என் மேலயா? எட்டு திக்கும் கட்டு போட்டுக்கீறேன்!"

"அப்ப நீங்க மூச்சு வாங்கிக் காட்டுங்க."

"காட்டுங்க சாமி! அவ மூஞ்சில கரியப் பூசுங்க!" என்று பக்தர்களே கத்தினார்கள். பக்தி அவரை வசமாக மாட்டிவிட்டது.

சாமி ஆரம்பித்தார். "ஹூம், ஹூம்..." அத்தனை பேருக்குப் பேய் வரவழைத்தவர், தனக்கு ஒரு தடவையும் செய்து பார்த்ததில்லை போல. விரல் நண்டுக் கால் மாதிரி மடங்கியதும் முகம் வெளுத்தது.

"ஐயோ, நெஞ்சு அட்ச்சிக்குதே! கை இஸ்துக்குச்சே! யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்கடா!"

"மந்திரம் சொல்லுங்க சாமி!"

"மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! ஆஸ்பத்திரிக்கு வுடுங்கடா, ஈசிஜி எடுக்கணும்!"

ஷாமியானா வாயைப் பிளந்து நின்றது. எழுந்தது அக்காதான். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாக மாட்டீங்க சாமி. எனக்கும் இப்படித்தான் இருக்கும். மெதுவா மூச்சை வுடுங்க. சொல்லுங்க, தாம்பரம்..."

"தா... தாம்பரம்..."

"சானடோரியம்..."

கூட்டமே பஜனை மாதிரி கூடப் பாடியது. திரிசூலம் வந்தபோது சாமியின் விரல் அவிழ்ந்தது. அக்கா மொபைலை எடுத்து ராஜினாமாவை அழித்தாள்.

மறுநாள் அவளோடு நானும் ரயில் ஏறினேன். பல்லாவரம் தாண்டியதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை ஈரம். இறங்கவில்லை. கிண்டியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வந்துச்சுடி. அதுபாட்டுக்குப் போயிடுச்சு. சாயந்திரம் கவுன்சலிங்குக்குக் கூட வா."

திரும்பி வரும்போது தாம்பரம் பிளாட்பாரத்தில் ராஜாராமன் சார் ஓடிவந்தார். கையில் பேனா. "ஏம்மா, அந்த ஸ்டேஷன் பேரெல்லாம் எந்தத் திக்கு பாத்துச் சொல்லணும்? அசைவம் சாப்பிட்டா பலிக்குமா?"

"சார், உங்க நெஞ்சு நல்லாத்தான் ஓடுது. கழுத்துக்கு மேல ஒண்ணு நின்னு போய்க் கிடக்கு பாருங்க, முதல்ல அதை ஓட்டுங்க."