மாஸ்டர் தூங்குவதில்லை

வண்டி நின்றதும் மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும்மா நிறுத்தச் சொன்னது? நடு ரோட்டுல நிறுத்தினா பின்னாடி வர்றவன் என்ன பண்ணுவான்?"

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரம்மா மிரண்டுபோய்த் திரும்பினார். "நான் நிறுத்தல சார். பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

மாஸ்டர் ஜன்னல் வழியே பார்த்தார். இரண்டு பக்கமும் வயல். பயிற்சிப் பள்ளியைக் காணோம், கடைத்தெருவைக் காணோம், ஊரையே காணோம்.

"இது எந்த இடம்?"

"தெரியல சார். நேரா போங்க, நான் சொல்றப்போ திரும்பலாம்னீங்க. நீங்க சொல்லவே இல்ல. பாலம் வந்துச்சு, ரயில்வே கேட் வந்துச்சு. திரும்பட்டுமான்னு கேட்டேன். 'ம்ம்ம்'னீங்க. அது ஆமாவா இல்லையான்னு புரியல."

"ஏதோ யோசனையில இருந்திருப்பேன்."

"ஆமா சார்," என்றார் அந்த அம்மாள் மரியாதையாக. "வாயைத் திறந்து வச்சுக்கிட்டு யோசிச்சீங்க."

'பாதுகாப்பான ஓட்டுநர் பயிற்சி' என்ற பலகையைத் தலையில் சுமந்த அந்தக் கார், ஒரு டிராக்டரின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு ஊர் வந்து சேர்ந்தது. வழியில் பார்த்தவர்களெல்லாம் பலகையைச் சத்தமாகவே படித்தார்கள்.

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் மாஸ்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவங்க புதுசு, மாஸ்டர். விவரம் போதாது. மத்தவங்களா இருந்தா தானா ஒரு ரவுண்டு அடிச்சு வாசல்ல கொண்டுவந்து விட்டிருப்பாங்க."

"அதென்ன தானா? அப்போ நான் பக்கத்துல எதுக்கு உட்கார்ந்திருக்கேன், பொம்மையா?"

முதலாளி இருமினார். "இன்சூரன்ஸ்காரன் குடையறான். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அது வரைக்கும் உங்களை வண்டியில உட்கார வைக்க முடியாது."

"ஒரே கேள்வி. நான் வேலையில தூங்கறேனா? ஆமாவா, இல்லையா?"

"உங்களை மாதிரி ஒரு மாஸ்டர் எனக்கு எங்க கிடைப்பார்!"

இதெல்லாம் ஒரு பதிலா? மாஸ்டர் கொதித்தார். அவரிடம் படித்தவர்கள் அத்தனை பேரும் முதல் தடவையே லைசன்ஸ் வாங்கியவர்கள். அடுத்த வண்டி மாஸ்டரிடம் படித்தவர்கள் மூன்று முறை போய் அழுதுகொண்டு திரும்புவார்கள். 'எங்களுக்கு இவர்தான் வேணும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வேணும்' என்று வரிசையில் நிற்கிறது ஜனம். தன் கண்டிப்புக்கும் கணீரென்ற குரலுக்கும் கிடைத்த மரியாதை அது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப்பட்டவரைத் தூங்குமூஞ்சி என்கிறார்களே!

உடம்பெல்லாம் வயரை ஒட்டிக்கொண்டு கிளினிக்கில் ஓர் இரவு படுத்துவிட்டு வந்தார். தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்று நின்று வருகிறது, காற்றை உள்ளே தள்ளும் மாஸ்க் மெஷின் மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும் என்றார் டாக்டர். சந்தேகம் இருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள், பேசுவோம் என்றும் சொன்னார்.

"சந்தேகமா? கேக்கற கேள்வியில அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டி வச்சுட்டு ஓடணும்," என்று மாஸ்டர் கல்லூரியில் படிக்கும் மகளை எதிரே உட்கார வைத்தார். "எழுது. முதல் கேள்வி. மூச்சு நிக்குதுன்னா நான் எப்படி உயிரோட இருக்கேன்? நின்ன மூச்சை யாரு திரும்ப ஸ்டார்ட் பண்றது?"

"நான்தான்," என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "முழங்கையால."

மகள் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"விளையாடாதே. இத்தனை வருஷமாவா?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "பின்ன? நின்னுடுச்சுன்னா அடுத்த மூச்சு வர்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இருக்கறதில்ல. இடிச்சா வரும். வந்தப்புறம் கொஞ்சம் கண்ணை மூடுவேன். அதை எழுதுடி. மெஷின் மாட்டினா நான் தூங்கலாமான்னு கேளு."

மாஸ்டர் மனைவியின் முழங்கையைப் பார்த்தார். விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அங்கே நாள்பட்ட ஒரு வலி உண்டு. வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அதையும் எழுது," என்றார் மெதுவாக. அடுத்த நொடியே குரல் பழையபடி ஏறியது. "ஆனா ராத்திரி வேற, பகல் வேற! பகல்ல நான் தூங்கறதே இல்ல. அதைக் கொட்டை எழுத்துல எழுது!"

"போன்ல உங்க குறட்டையைப் பதிவு பண்ணியிருக்கேன்பா. கேக்கறீங்களா?"

"போடு. அது நானா, தெருவுல போற லாரியான்னு பாத்துடுவோம்."

மகள் போட்டாள். மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து, நீதிபதி மாதிரி கண்ணை மூடிக் கேட்டார். திடீரென்று நிமிர்ந்தார்.

"பாத்தியா? பாதியிலேயே சத்தம் நின்னுடுச்சு. என் குறட்டையா இருந்தா இப்படி நிக்குமா?"

"நீங்க தூங்கிட்டீங்கன்னு நான்தான் நிறுத்தினேன். ரெண்டும் சேர்ந்து கேக்க முடியலப்பா."

இதற்குமேல் வீட்டு சாட்சிகளை நம்ப முடியாது என்று மாஸ்டர் முடிவு செய்தார். பழைய மாணவர்களுக்குப் போன் போட்டார்.

வங்கிக் காசாளர் எடுத்ததுமே உருகினார். "சார், நீங்க தங்கமான மனுஷன். இன்னிக்கு நான் ஓட்டறேன்னா உங்க பொறுமைதான் காரணம்."

"அதை விடுங்க. நான் வண்டியில தூங்கினேனா?"

"சே, சே! எவ்வளவு நிம்மதியா கத்துக்கிட்டேன் தெரியுமா!"

ரொட்டிக்கடைக்காரர் பதறிவிட்டார். "எதுக்கு சார் கேக்கறீங்க? வகுப்பை நிறுத்தப் போறீங்களா? என் மச்சினிச்சிக்கு இடம் சொல்லி வச்சிருக்கேனே!"

ஆமாவா, இல்லையா? நாக்கைப் புரட்டி அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இந்த ஊரில் ஒரு ஆளுக்குத் துப்பில்லை. மாஸ்டர் கேள்விகளை மடித்துப் பையில் வைத்தார். டாக்டரிடம் இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. அந்த இருக்கை போனால், அப்புறம் அவருக்கு என்ன இருக்கிறது?

கிளினிக்குக்கு மாஸ்டரும் மனைவியும் டாக்சியில் போனார்கள். மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"இண்டிகேட்டர் எங்கய்யா? கியரை மாத்து! மாத்துன்னா பிடுங்கவா சொன்னேன்? கிளட்ச்! கிளட்ச்! கண்ணாடி எதுக்கு இருக்கு, தலை சீவவா?"

நரைத்த மீசைக்கார டிரைவர் பதறிப்போய் இரண்டு சிக்னலில் வண்டியை அணையவிட்டார். கிளினிக் வாசலில் நடைபாதைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஓட்டறேன், சார். இன்னிக்குத்தான் கை நடுங்குது."

"சரியான ஆள்கிட்டக் கத்துக்கல நீங்க," என்றார் மாஸ்டர் பரிதாபத்துடன்.

டாக்டர் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். மெஷின் சத்தம் குறட்டையில் கால்வாசிகூட இராது. வெளியூருக்கும் எடுத்துப் போகலாம். எடை குறைந்தால் நல்லது. ஆனால் அதை நம்பி மெஷினைத் தள்ளிப்போடக் கூடாது. அம்மா தாராளமாகத் தூங்கலாம்.

மனைவி அங்கேயே ஒரு கொட்டாவி விட்டாள்.

"இப்போ முக்கியமான கேள்வி," என்று மாஸ்டர் முன்னால் நகர்ந்தார். "நாளைக்கே நான் வண்டியில உட்காரலாம்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"இப்போ முடியாது. தினமும் மாஸ்க் போட்டுத் தூங்குங்க. பகல் தூக்கம் விட்டுடுச்சான்னு பாத்துட்டு எழுதித் தரேன். அப்புறம் பாருங்க, வகுப்பு முழுக்கக் கண்ணு கொட்டாம முழிச்சிட்டு இருப்பீங்க."

"இப்பவும் அப்படித்தான் இருக்கேன்!" மாஸ்டர் மேஜையைத் தட்டியதில் பேனா உருண்டது. "என்கிட்டப் படிச்ச ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் முகத்துக்கு நேரா சொல்லட்டும், நான் தூங்கினேன்னு!"

மாஸ்க் அளவு பார்க்க வந்து நின்ற நர்ஸ் தயங்கினாள். "சார், என்னை அடையாளம் தெரியலையா? போன வருஷம் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். மொத டெஸ்ட்லயே பாஸ்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "கடவுளே அனுப்பின மாதிரி வந்தியேம்மா! டாக்டர்கிட்டச் சொல்லு. பயப்படாதே. நான் தூங்கினேனா? ஆமாவா, இல்லையா?"

"ஆமா சார்," என்றாள் நர்ஸ்.

பிறகு டாக்டர் பக்கம் திரும்பிக் கெஞ்சினாள். "டாக்டர், லெட்டரை இன்னிக்கே குடுத்துட்டு மெஷினை மட்டும் அடுத்த மாசம் குடுக்க முடியாதா? என் தம்பி இப்பத்தான் சார்கிட்டச் சேர்ந்திருக்கான். சார் முழிச்சிட்டிருந்தா அவன் எப்படி வண்டி கத்துப்பான்?"