ஒன்றரைச் சுற்று

பைக்கை விற்க விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தண்டாயுதபாணி தீர்மானித்தார். மனைவி ஜோதியிடம் அதைச் சொல்லும் தைரியம் ஒன்பது மணி வரை வரவில்லை. பத்து மணிக்கு அதை வாங்க மல்லசமுத்திரத்திலிருந்து ஆள் வருகிறான்.

இருபத்திரண்டு வருடமாக ஞாயிறுதோறும் அவர் டியூனிங் செய்கிற வண்டி. அதில் ஏறிப் போனதைவிட அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததுதான் அதிகம். ஜோதி ஆள் பிடித்ததும் அதனால்தான்.

அவள் குளிக்கப் போனாள். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை முழுக்க முடுக்கினார். பாயிண்ட் தட்டை நகர்த்தி, தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார். பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே விளக்கெண்ணெய் புகட்டுவது போலிருந்தது.

பத்து மணிக்கு மோகன்குமார் வந்தான். உதைத்தான். வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, அணைந்தது. பதினோராவது உதையில் அவன் செருப்பு அறுந்தது.

“ஸ்லோவே நிக்கலீங்களே அண்ணா.”

“வயசாயிருச்சு தம்பி. இனித் தேறாது.” முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டார்.

ஜோதி அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நகக்கண்ணிலிருந்த புதுக் கறுப்பைப் பார்த்தாள்.

“வண்டி நல்ல வண்டிதானுங்க தம்பி. எங்க ஊட்டுக்காரருக்குத்தான் இது புடிபடறதில்ல. நீங்களே திருகிப் பாருங்க.”

“எனக்கா புடிபடறதில்ல?”

“அண்ணன் கை பட்டா ஓடற வண்டியும் படுத்துக்கும்னு மாரி அப்பவே சொன்னானுங்க.”

“மாரியா! பஞ்சர் ஒட்டறவன்!”

“நீங்க சும்மா இருங்க. தம்பி, அந்தா, அந்தப் பெரிய திருகு.”

மோகன்குமார் திருகியது கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துத் திருகை. பெட்ரோல் சொட்டியது. தண்டாயுதபாணி வாசல் கேட் வரை போனார். வந்தார். மறுபடி போனார். விரல்கள் வேட்டியைத் திருகின.

“அதில்லப்பா! தள்ளு!”

கிண்ணம் இறுகியது. டைமிங் பழைய குறிக்குத் திரும்பியது. ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே வந்தது. ஒரே உதை. காதைச் சாய்த்துக் கேட்டு, இன்னும் ஒரு நூல் திருப்பினார். வண்டி தூங்கும் குழந்தைபோல் சீராக மூச்சு விட்டது. டேங்க் மேல் சொம்பு நிறையத் தண்ணீரை வைத்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

“யாருக்குப் புடிபடல?” என்று வெற்றியோடு திரும்பினார்.

ஜோதி மோகன்குமார் கையில் ஆர்சி புக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கொஞ்சம் தயங்கினான். “எடுத்துக்கறனுங்கக்கா. ஆனா எங்கூருல இத்தன நேர்த்தியா வெக்க ஆளில்ல. மாசம் ஒருக்கா அண்ணன் வந்து பாப்பாருங்களா?”

“அதுக்கென்னுங்க தம்பி,” என்றாள் ஜோதி, “பஸ்ஸுல வந்துருவாரு.”