மைலேஜ் மகானும் நாற்பது கற்களும்

மைலேஜ் மகானைத் தரிசிக்க மனிதர்கள் மட்டும் வந்தால் போதாது, வண்டியும் வரவேண்டும். பொழுது விடிந்தால் போதும், நெடுஞ்சாலை ஓரத்தில் மூடிக்கிடந்த அந்தப் பழைய கார் ஷோரூம் வாசலில் டீசல் பிக்கப்புகள் வரிசை கட்டும். ஒன்றின் பின்னால் படகு, ஒன்றின் பின்னால் ஜெனரேட்டர், ஒன்றின் பின்னால் மிரண்டு நிற்கும் குதிரை. குருடருக்குக் கண் கொடுப்பதெல்லாம் அந்தக் காலத்து மகான்களின் பிழைப்பு. நம்மவர் டீசலை மிச்சப்படுத்துவார்.

எப்படி என்றா கேட்கிறீர்கள்? கோலிக்குண்டு அளவில் ஒரு கறுப்புக் கல். நீலத் துணியில் முடிந்து, செம்புக் கம்பியால் டீசல் குழாயில் கட்டிவிடுவார். டீசலின் கெட்ட குணம் அத்தோடு ஓடிப்போகும். டீசலுக்குக் குணம் உண்டு என்பதையே விஞ்ஞானிகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை; பாவம், படித்தவர்கள். காணிக்கை வண்டியின் எடைக்கேற்ப. அந்த விஷயத்தில் மகான் பரம நியாயஸ்தர்.

கல்லைக் கட்டியவர்கள் விரதமும் இருக்கவேண்டும். வேகமுள் எழுபதைத் தாண்டினால் கல்லுக்கு மூச்சு முட்டும். டயர்கள் வயிறாரக் காற்றுக் குடித்திருக்கவேண்டும். வேண்டாத சாமானை ஏற்றுவது பாவம். நின்ற இடத்தில் எஞ்சினை உறுமவிடுவது பெரும்பாவம். எடுத்த எடுப்பில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதும் கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பதும் மன்னிப்பே கிடையாத பாவங்கள். பக்தர்கள் இதையெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டு, வாய்பொத்தித் தலையாட்டினார்கள்.

அந்தப் பக்தர்களில் ஒருவன்தான் அவசரம். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊர் அவனை அப்படித்தான் கூப்பிட்டது. பட்டறையிலிருந்து ஏரிக்கு மோட்டார் படகுகளை இழுத்துக்கொண்டு போவது அவன் தொழில். பின்னால் ஒரு டன் படகு இருப்பதை மறந்து நூற்றுப்பத்தில் பறப்பான். பிக்கப்பின் தொட்டியில் செத்த பேட்டரிகள், துருப்பிடித்த சங்கிலி, யாருடையதோ ஒரு கியர்பெட்டி என்று ஒரு பழைய இரும்புக்கடையே கூட வரும். டீசல் தண்ணீராய்ப் போனது. ஒரு மாதம் முன்பு கல்லைக் கட்டினான், விரதம் இருந்தான், டீசல் மிச்சமானது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவனுக்கு.

அங்கேதான் வினை வந்தது. படகுப் பட்டறை முதலாளி, அடுத்த பருவத்துக்குப் படகு இழுக்க ஒரே வண்டிதான், எது குறைவாகக் குடிக்கிறதோ அது, என்று சொல்லிவிட்டார். அவசரம் அலறியடித்துக்கொண்டு மகானிடம் ஓடினான்.

மகான் கண்ணை மூடினார். "இழுக்கிற வண்டிக்குக் கல் இருக்கு. இழுபடுற வண்டிக்கு? அது அநாதையால்ல வருது! ஜோடிக்கல் கட்டணும்."

"காணிக்கை எவ்வளவு சாமி?"

"காசா? உன் வீட்ல காத்தடிக்கிற கம்ப்ரஸர் இருக்காமே. அதைக் கொண்டா."

கம்ப்ரஸர் அவனுடையதல்ல, அவன் மனைவியுடையது. வீட்டு முன்அறையில் அவள் பஞ்சர் கடை வைத்திருந்தாள். அந்த ஒரு இயந்திரம்தான் கடை. அது போனால் மிஞ்சுவது ஒரு வாளித் தண்ணீரும் நாலு ஒட்டுத்துண்டும். ஆனாலும் அவசரம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் மென்று விழுங்கி மனைவியிடம் விஷயத்தைச் சொன்னான்.

மனைவி கத்தவில்லை. லாரி டயர் ஒன்றைப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"கல்லுக்குச் சக்தி இருக்குல்ல?"

"இருக்கு. நீயே பாத்தியே!"

"அப்புறம் அவருக்குக் காத்து எதுக்கு?"

அவசரம் விழித்தான். "அவர் மகான். ஏதாவது காரணம் இருக்கும்."

"காரணம் இருக்கு. அதான் எனக்கும் தோணுது. கல்லைக் கட்டிக்கிட்டு வர்ற ஒவ்வொருத்தனும் நேரா எங்கிட்டதான் வர்றான், 'டயர் வயிறு நிறையணும் அக்கா'ன்னு. ஒவ்வொரு டயரும் சப்பையா கிடக்கு. அதை நிரப்பி அனுப்புறது நான், பேர் வாங்குறது கல்லு. ஏத்துங்க கம்ப்ரஸரை. நானும் வர்றேன்."

ஷோரூமில் அன்றைக்கு நாற்பது வண்டிகள். மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகான் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கல் இல்லாம உங்க விரதத்தை மட்டும் இருந்தா டீசல் மிச்சமாகுமா?"

"ஆகவே ஆகாதும்மா! கல் இல்லாத விரதம் உயிர் இல்லாத உடம்பு!"

"ரொம்ப சந்தோஷம். அப்போ ஒரு சோதனை. ஜெயிச்சா கம்ப்ரஸரோட சேத்து ஜாக்கியும் தர்றேன்."

கூட்டம் கைதட்டியது. மகானின் கண் மட்டும் அரை நொடி பின்வாசலைத் தேடியது. ஆனால் நாற்பது வண்டிக்காரர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல முடியுமா? தலையசைத்தார்.

எதிரே இருந்த பெட்ரோல் பங்க்கில் டாங்க்கின் கழுத்துவரை டீசல் நிரப்பினார்கள். அதே படகு, அதே சாலை, ஏரிவரை போய்த் திரும்ப எண்பது கிலோமீட்டர். முதல் ஓட்டம், கல்லோடும் விரதத்தோடும். அவசரம் போய்வந்தான். மறுபடி கழுத்துவரை நிரப்பினார் பங்க்காரர். ஒன்பது லிட்டர் நாற்பது.

"பாத்தீங்களா கல்லோட மகிமையை!" என்றார் மகான்.

இரண்டாம் ஓட்டத்துக்கு மனைவி கல்லைக் கழற்றி மகான் கையிலேயே கொடுத்தாள். "கெட்டியாப் பிடிச்சுக்கங்க. நழுவி ஓடிடப் போகுது." விரதம் மட்டும் வண்டியோடு போனது. அவசரம் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனான். கல் தோற்றால் ஒரு மாதமாக முட்டாளாய் இருந்தவன் அவன். கல் ஜெயித்தால் மனைவியின் கடை போய்விடும். ஏரி வளைவில் திரும்பும்போது, நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், கடை பிழைத்தால் போதும் என்று மனசார வேண்டிக்கொண்டான். யாரை வேண்டினான் என்று கேட்காதீர்கள், ஒரே நாளில் எல்லாப் பழக்கமும் போய்விடாது.

ஒன்பது லிட்டர் முப்பது.

பிக்கப்பின் பின்னால் குதிரையோடு வந்திருந்த குதிரைக்காரர் எழுந்தார். "இது போங்கு! கல் கட்டியிருந்த வாசனை குழாய்ல இருந்திருக்கும்!"

"சரி," என்றாள் மனைவி. "உங்க எல்லார் கல்லையும் கழட்டுங்க."

நாற்பது கற்கள். டீசல் குழாயில் இடம் போதாமல் ரேடியேட்டரிலும் கட்டினார்கள். பானெட் மூட மறுத்தது. வீட்டில் இறக்கிவைத்திருந்த செத்த பேட்டரிகளும் கியர்பெட்டியும் வரவழைக்கப்பட்டு மறுபடி தொட்டியில் ஏறின. "பழையபடி ஓட்டுங்க," என்றாள் கணவனிடம். டயரில் காற்றைக் குறைக்க மட்டும் சம்மதிக்கவில்லை. "சோதனை கிடக்குது, எனக்குப் புருஷன் வேணும். நூறைத் தாண்டவும் கூடாது."

நாற்பது கற்களும் கடகடவென்று ஆட, அவசரம் தன் பெயருக்கேற்றபடி போய்ப் பெயருக்கேற்றபடியே வந்தான். வந்து நின்றும் எஞ்சினை அணைக்காமல் கால்மணி நேரம் உறுமவிட்டான். பங்க்காரர் நிரப்பினார், நிரப்பினார், நிரப்பிக்கொண்டே இருந்தார்.

பதினாலு லிட்டர்.

மகான் மெல்ல எழுந்து பின்வாசல் பக்கம் நகர்ந்தார். குதிரைக்காரர் காலரைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். "எங்கய்யா பொறுக்கின இந்தக் கல்லை?"

"ரயில் பாதையில." மகானின் குரல் சட்டென்று சாதாரண மனிதனுடையதாகிவிட்டது. "நான் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில டிரைவர்களுக்கு வகுப்பெடுத்தவன். மெதுவாப் போங்க, காத்தைப் பாருங்க, பாரத்தைக் குறைங்கன்னு பதினெட்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்னேன். ஓசியாச் சொன்னேன். ஒருத்தன் கேக்கல, பின்வரிசையில தூங்கினாங்க. ஒரு கல்லைக் கட்டி, காணிக்கை வாங்கிட்டு, அதையே பாவம்னு சொன்னேன். அப்போ கேட்டீங்க."

"அதுக்காக ஏமாத்தலாமா?" என்றாள் மனைவி.

"தப்புதான்."

"தப்புதான்னா? வாங்கினதையெல்லாம் இன்னைக்கே திருப்பிக் கொடுங்க. கொடுத்து முடிச்சிட்டு, மறுபடி ஓசியா வகுப்பெடுங்க. இந்தத் தடவை தூங்குறவனை நான் எழுப்புறேன்."

காணிக்கை திரும்பி வந்தது. முதல் இரண்டு ஓட்டத்தின் கணக்கையும் பங்க்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, பட்டறை முதலாளி பருவத்து வேலையை அவசரத்துக்கே தந்தார். கம்ப்ரஸரை இறக்கும்போது அவசரம் மனைவியின் முகத்தைப் பார்க்கமுடியாமல் நின்றான். "உன்னைக் கேக்காமத் தலையாட்டிட்டேன். மன்னிச்சிடு," என்றான். "மொதல்ல அந்தப் பக்கத்தைத் தூக்குங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலை பஞ்சர் கடை வாசலில் நாற்பது வண்டிகள் நின்றன. ஊர் திருந்திவிட்டது என்று அவசரம் பூரித்துப்போனான். முதல் ஆளாக வந்த குதிரைக்காரர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கம்ப்ரஸரைப் பயபக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இந்தக் காத்துல நீங்க என்ன மந்திரம் போடுறீங்க?"

அவள் குழாயைக் கீழே போட்டாள்.

"டயர்ல காத்து குறைஞ்சா நான் நிரப்பிடுவேன் அண்ணே. தலையில குறைஞ்சா எங்க கடையில ரிப்பேர் கிடையாது. அதை நீங்களேதான் யோசிச்சு நிரப்பிக்கணும்."